வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பலகாரம் விற்கிறேன், விளம்பரத்துக்கு மாதம் 10,000 ரூபா ஒதுக்கலாம். எதில் போடுவது?

முதல் மாதம் எதிலும் போடாதீர்கள். முதலில் ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தின் அடக்கவிலையைப் பாருங்கள். பயறு, சீனி, தேங்காய் எல்லாரும் எழுதுவார்கள். காஸ், பெட்டி, முச்சக்கரவண்டிக் கூலி, முக்கியமாக உங்கள் உழைப்புக்கான கூலி விட்டுப்போகும். இவற்றைச் சேர்த்தபின் இலாபம் மிஞ்சாவிட்டால், விளம்பரம் நட்டத்தைத்தான் பெருக்கும்.

அப்புறம் இலவசமாகக் கிடைப்பவை. வாட்ஸ்அப் பிசினஸில் படமும் விலையும் போட்டுப் பட்டியல் வைக்கலாம். கூகுள் வரைபடத்திலும் பதியலாம். வீட்டு முகவரியை மறைத்து, விநியோகிக்கும் பகுதியை மட்டும் காட்டும் வசதி அதில் உண்டு.

காசைத் தீபாவளி, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டுக்குச் சேர்த்து வையுங்கள். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே பேஸ்புக் விளம்பரத்தைத் தொடங்குங்கள், கடைசி வாரத்தில் உங்களுக்கு அடுப்படியை விட்டு நகர நேரமிராது. இடத்தைக் கொழும்பு 3 முதல் தெஹிவளை வரை சுருக்குங்கள். இலங்கை முழுவதும் காட்டினால் விருப்பக்குறிதான் குவியும், ஓடர் வராது. சிங்களத்திலும் ஒரு பதிவு போடுங்கள். சித்திரைப் புத்தாண்டு அவர்களுக்கும்தானே!