ராத்திரியில் தானாக இறங்கும் இஞ்சின்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஃபைபர் வள்ளத்துக்குப் பழைய 60 எச்பி அவுட்போர்டு (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இஞ்சின்) ஒன்று வாங்கினேன். பட்டனை அமுக்கினால் ஏறி இறங்குகிற வகை. ராத்திரி தூக்கி நிறுத்திவிட்டு வந்தால் காலையில் பாதி இறங்கிக் கிடக்கிறது, தண்ணீரிலும் எண்ணெய்ப் படலம் தெரிகிறது. மெக்கானிக், இஞ்சினை எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்குகிற டிரிம் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார். வேறு வழி இல்லையா?
- வாசகர், குளச்சல்

பதில்: எண்ணெய் எங்கே கசிகிறது என்று பார்க்காமலே யூனிட்டை மாற்றச் சொன்னால் அந்தப் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ரிலீஸ் ஸ்க்ரூ. பேட்டரி போனால் இஞ்சினைக் கையால் தூக்குவதற்காக, இஞ்சினை வள்ளத்தோடு பிடித்திருக்கிற பிராக்கெட்டின் பக்கவாட்டில் ஒரு துளைக்குள் இருக்கும். பழைய ஓனர் அதைத் திறந்துவிட்டு அரைகுறையாக முறுக்கியிருந்தாலோ, அதன் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலோ, வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் இஞ்சின் மெல்ல இறங்கும். பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கம் முறுக்கிப் பாருங்கள், காசா பணமா?

அப்புறம் அந்தப் படலம். அது பெட்ரோலாகவோ கியர் ஆயிலாகவோ கூட இருக்கலாம், அதனால் வள்ளத்தைக் கரையேற்றி, டிரிம் பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒட்டத் துடைத்து, இஞ்சினை முழுக்கத் தூக்கி, இஞ்சினைத் தள்ளித் தூக்குகிற ராடைச் சுற்றியும் மூடிகளிலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். தூக்கிய இஞ்சினைத் தாங்கி நிறுத்துகிற சப்போர்ட் லீவரைப் போட வேண்டாம், போட்டால் பாரம் அதில் ஏறிவிடும், கசிவு காட்டாது. லீவர் இல்லாதபோது அடியில் ஆளோ பிள்ளைகளோ போகக் கூடாது. டிரிம்முக்குப் பெரும்பாலும் ஊற்றுவது சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊற்றுகிற) எண்ணெய், காலையில் பவுடர் எந்த இடத்தில் சிவந்து ஊறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

ராட் வெளியே வருகிற மூடியில் சிவந்திருந்தால், எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கிற ரப்பர் சீல் போய்விட்டது. சீல் வாங்கும் முன் ராடின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உப்பு தின்று குழி விழுந்த ராடில் புது சீல் போட்டால் அதையும் கிழித்துவிடும், அப்படியானால் ராடையும் மாற்றத்தான் வேண்டும். வழவழவென்று இருந்தால் சீல் செட் போதும். கழற்றும்போது இஞ்சினுக்கு லீவரும் போட்டு, கயிற்றாலும் கட்டி, ரிலீஸ் ஸ்க்ரூவைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். மூடியில் இரண்டு குழி இருக்கும், அதற்கென்று இரண்டு முள் வைத்த ஸ்பேனர் உண்டு. உளியை வைத்துத் தட்டினால் குழி சிதைந்து, மறுபடி கழற்றவே முடியாது.

பழைய எண்ணெய் பால் விட்ட தேயிலை நிறத்தில் வந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, முழுக்க மாற்றுங்கள். பிரேக் ஆயில் மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை அவசரத்துக்கு ஊற்றி, ரப்பர் எல்லாம் ஊதிப்போய் இரட்டைச் செலவு செய்தவன். எந்த எண்ணெய் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். இஞ்சினை முழுக்கத் தூக்கி, லீவர் போட்டு, எண்ணெய் ஊற்றுகிற துளையின் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். அப்புறம் லீவரை எடுத்துவிட்டு நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் காற்று போகும், மட்டத்தை மறுபடி பாருங்கள்.

கேள்வி: சரி, சீல் வருகிறவரை இப்படியே தொழிலுக்குப் போகலாமா?

பதில்: இஞ்சின் ஓடும், முன்னால் போவதில் பெரிய தொந்தரவு இருக்காது. ரிவர்ஸ் போட்டால்தான் அழுத்தம் இல்லாத இஞ்சின் மேலே எழும்பிவிடும். திரும்பி வந்து மணலில் ஏறுகிற நேரத்தில் பட்டன் கைவிட்டால், அலைக்கு நடுவே ரிலீஸ் ஸ்க்ரூவைத் தேடுவதற்குள் புரொப்பல்லர் மணலை அறைந்துவிடும். துறைமுகத்துக்குள் கட்டுகிறவர் என்றால் போய் வாருங்கள், மணலில் ஏற்றுகிறவர் என்றால் சீல் வரட்டும்.