பி.இ. இருக்கும்போது என்.டி.டி. சான்றிதழ் எதற்கு?

பி.இ. மெக்கானிக்கல் முடித்த தம்பி ஒருவர், போகும் இடமெல்லாம் "என்.டி.டி. லெவல் டூ இருக்கிறதா?" என்றே கேட்கிறார்கள், அப்படியானால் நான்கு ஆண்டுப் படிப்புக்கு என்னதான் மதிப்பு என்று கேட்டிருக்கிறார். என்.டி.டி. என்பது பொருளைச் சேதப்படுத்தாமல் அதிலுள்ள குறைகளைக் கண்டறியும் சோதனை; லெவல் டூ என்பது தானே சோதித்து முடிவு சொல்லத் தகுதியான இரண்டாம் நிலை. மணலி, எண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் நான். எங்கள் துறையில் முதல் வேலைக்குச் சான்றிதழ்தான் முந்தும். ஆனால் அதைத் தருவது யார், எந்த விதியின்படி தருகிறார்கள் என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைக்கும் ஷட்டவுன் காலத்தில், ஒலியலை அனுப்பிச் சோதிக்கும் அல்ட்ராசோனிக் கருவியின் திரையில் தெரியும் எதிரொலி விரிசலால் வந்ததா, இணைப்பின் வடிவத்தால் வந்ததா என்று பிரித்தறிந்து அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். ஒலியலைகளைக் கல்லூரியில் படித்தவருக்குக் காரணம் விளங்கும். கருவியைப் பிடித்துப் பழகியவருக்கே முடிவு சொல்லும் துணிவு வரும். சில வேலைகளில் சட்டமே குறுக்கே நிற்கிறது. பாய்லரை இயக்குபவரிடம் அதற்குரிய தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராபி செய்பவர் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றுத் தேர்ந்தவராக இருக்க வேண்டும். எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் இவற்றுக்கு அது ஈடாகாது.

பலரும் ஏமாறுவது வேறோர் இடத்தில். நம் பக்கத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்.என்.டி - டி.சி - 1ஏ என்ற அமெரிக்க நடைமுறையின்படி, லெவல் டூ சான்றளிக்க வேண்டியவர் வேலை தரும் நிறுவனத்தார்தான். பயிற்சி நேரம், மேற்பார்வையில் வேலை செய்த அனுபவ நேரம், தேர்வு, ஆண்டுதோறும் கண் பரிசோதனை எல்லாம் அதில் அடங்கும். அந்த நிறுவனத்தை விட்டு விலகினால் அவர்கள் தந்த சான்றும் முடிந்துவிடும். புதிய நிறுவனம் மறுபடி தகுதி பார்த்துச் சான்றளிக்க வேண்டும். அப்படியிருக்க, ஓரிரு வாரப் பயிற்சிக்குப் பின் ஒரு பயிற்சி மையம் தரும் தாளை முழுச் சான்றிதழ் என்று நம்பி, திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் பெற்றோர் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பயிற்சி வேண்டியதுதான், அனுபவ நேரம் சேராமல் அது பாதிதான்.

உங்கள் பட்டமும் வீண் அல்ல. அதே நடைமுறையில் அடுத்த உயர்நிலையான லெவல் த்ரீ நிலைக்குப் போக, பொறியியல் பட்டம் உள்ளவருக்கு லெவல் டூ நிலைக்குப் பின் 1 ஆண்டு அனுபவம் போதும். கல்லூரியே போகாதவருக்கு 4 ஆண்டு வேண்டும். அரசு வேலை பக்கம் போனால், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. அங்கே லெவல் டூ சான்றை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகவே சம்பளம் சற்றுக் குறைந்தாலும், ஆய்வு நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து, எந்தச் சோதனை முறையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதை மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு எழுதி வாங்கிக்கொண்டே வாருங்கள். அதைத் தர மறுக்கும் இடமானால் அடுத்த இடத்தைத் தேடுங்கள்.