சாய்வு டேபிள் தானாக இறங்குகிறதே, என்ன செய்ய?

அவிநாசிப் பக்கம் துணி செக்கிங் டேபிள் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர் ஒருவர் கேட்கிறார்: "பலகையைச் சாய்த்து நிறுத்த ரெண்டு கேஸ் ஸ்பிரிங் போட்டிருக்கேனுங்க. ஆள் முழங்கையை ஊன்றினால் இறங்கிடுது. இன்னும் அதிக நியூட்டன் உள்ளதைப் போடலாமுங்களா?"

வேண்டாமுங்க. முழங்கைக்கு நிற்கும்தான், அப்புறம் பலகையை இறக்க ரெண்டு ஆள் தேட வேண்டும். தூக்குவது ஒரு வேலை, பூட்டுவது வேறு வேலை. சாதாரண கேஸ் ஸ்பிரிங்குக்கு முதல் வேலை மட்டுமே தெரியும். உங்களுக்கு வேண்டியது ரெண்டும் தெரிந்த 'லாக்கிங்' வகை.

சாதாரண ஸ்பிரிங்கின் குழாய்க்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜனும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் இரு பக்கமும் அழுத்தம் ஒன்றுதான். ஆனால் தண்டு உள்ள பக்கத்தில், தண்டு அடைத்த இடம் போக, பரப்பு குறைவு. அந்த வித்தியாசமே தண்டை வெளியே தள்ளுகிறது. 8 மி.மீ. தண்டு, 100 பார் அழுத்தம் என்றால் சுமார் 500 நியூட்டன்; ஏறக்குறைய 50 கிலோ. லாக்கிங் வகையில் அந்தத் துளைக்குப் பதில் ஒரு வால்வு. தண்டின் நுனியில் உள்ள பின்னை அமுக்கினால் திறக்கும், பலகை நகரும். விட்டால் மூடிக்கொள்ளும், பலகை அங்கேயே பூட்டி நிற்கும்.

இதிலும் ரெண்டு வகை. கேஸ் மட்டும் உள்ளது பூட்டிய பிறகும் லேசாகத் துள்ளும். நாற்காலி முதுகுக்கு அது சுகம். உங்களுக்கு எண்ணெய் நிரம்பிய, அமுக்கும் திசையில் அசையாத 'ரிஜிட் லாக்' வேண்டும். விலை கூடத்தான்.

விசையைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். பலகை 24 கிலோ, அதன் எடைமையம் கீலிலிருந்து 40 செ.மீ., கீலிலிருந்து ஸ்பிரிங் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 20 செ.மீ. என்றால் 24 × 40 ÷ 20 = 48 கிலோ. ரெண்டு ஸ்பிரிங்குக்கும் பிரித்தால் தலைக்குச் சுமார் 235 நியூட்டன். தகரக் கூரைக்கடியில் காலை 20 டிகிரி மதியம் 40 ஆனால் விசை 7 சதவீதம் போல ஏறும், அதையும் மனதில் வையுங்கள்.

பின்னை அமுக்கும் ரிலீஸ் கேபிளை முறுக்கி இழுத்துக் கட்டாதீர்கள். அந்தப் பின் எப்போதும் கொஞ்சம் அமுங்கியே இருந்தால் பூட்டு நழுவும். ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு வெல்டிங் வைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் நிறைய. தண்டில் ஒரு பொறி ஒட்டினால் சீல் போச்சு.

மூன்று சாய்வு மட்டும் போதுமென்றால், துளையும் பின்னும் உள்ள இரும்புத் தாங்குகையே போதும், லேத்தில் அடித்துக்கொள்ளலாம்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்கை அறுக்கவோ சூடாக்கவோ வேண்டாம். தளர்ந்ததிலும் அழுத்தம் மிச்சமிருக்கும். பழைய இரும்புக்கடைக்குப் போட்டால் அவரிடமும் சொல்லிவிடுங்கள்.