ஆளில்லாத மதுரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் பிரிட்டிஷ் நூலகத் தொகுப்பில் இருக்கும் 1858ஆம் ஆண்டு மதுரைப் படங்களை இணையத்தில் பார்த்தேன். லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டன் எடுத்தவை. புதுமண்டபம், நாயக்கர் மகால், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் இருக்கின்றன. கூட்டமே இல்லை, மேகம்கூட அழகு. எவ்வளவு அமைதியான ஊர்! வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்துதான் இந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் படங்கள் லண்டனில் ஏன் இருக்க வேண்டும் என்ற வருத்தமும் உண்டு. என் கேள்வி இதுதான்: புதுமண்டபப் படத்தைச் செயலியில் வண்ணமாக்கி, பெரிதாக அச்சிட்டு என் ஜவுளிக்கடையில் மாட்ட ஆசை. அது தவறா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

இந்தப் படங்களைத் தேடிப்போய்ப் பார்த்ததற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். கொஞ்ச காலமாக நானும் இவற்றையேதான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லண்டன் வருத்தத்தை விடுங்கள். ராத்திரி வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து பார்க்க முடிகிறது, இப்போதைக்கு அது போதும்.

மேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ட்ரைப் நெகட்டிவுக்கு மெழுகேற்றிய காகிதத்தைப் பயன்படுத்தினார். நீல வெளிச்சம் அதைச் சீக்கிரம் தாக்கிவிடும், படத்தில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் பல நெகட்டிவ்களில் அவரே தூரிகையால் மேகம் தீட்டினார். நீங்கள் ரசித்ததும் கேப்டனின் கைவண்ணமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். போகட்டும், அழகு அழகுதான்.

ஆனால் அந்த "கூட்டமே இல்லை" என்ற வரியை அப்படி விட மாட்டேன். பழைய நகரப் படம் எதைப் பார்த்தாலும் நம் ஆட்கள் இதையேதான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்தக் காகிதம் மந்தமானது. வெளிச்சத்தைப் பொறுத்து சில நிமிடங்கள்கூட லென்ஸைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதற்குள் நடந்துபோகிறவர் யாரும் அதில் பதிய மாட்டார். பூக்கூடைக்காரி போயிருப்பாள், மாட்டுவண்டி போயிருக்கும், பிள்ளைகள் குறுக்கே ஓடியிருப்பார்கள். தடயமே இருக்காது. பாதி நேரம் நின்றுவிட்டு நகர்ந்தவர் புகைபோல ஒரு கறையாக மிஞ்சுவார். புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் 1838இல் பாரிஸில் எடுத்த தெருப்படத்தைப் பாருங்கள். வண்டிகளும் ஆட்களும் நெருக்கியடித்த சாலை, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தெளிவாகத் தெரிவது காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு நின்ற ஒரு மனிதர்.

1871 கணக்கெடுப்பில் மதுரை நகரில் ஏறத்தாழ 52,000 பேர். 13 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் எல்லோரும் எங்கே போயிருந்தார்கள், அழகர்மலைக்கா? ட்ரைப்புக்குக் கொடுத்த வேலையே முக்கியமாகக் கட்டடங்களைப் பதிவு செய்வதுதான். அதையும் ஆடம்பரச் செலவு என்று சொல்லி 1859இல் மெட்ராஸ் கவர்னர் ட்ரெவெல்யன் நிறுத்திவிட்டார்.

இதில் பெரிய வேடிக்கை, நீங்கள் சொன்ன விளக்குத்தூண். அது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. 1840களில் அவர்தான் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். உள்ளே இடம் போதவில்லை, ஊர் விரிய வேண்டியிருந்தது. தூர்ப்பவர்களுக்கே அந்த மண்ணில் மனை கிடைத்தது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரைத்தான் சுமக்கின்றன. அதாவது, நெரிசலுக்காகக் கோட்டையையே இடித்த ஊரின் படத்தை வைத்துக்கொண்டு அந்த ஊரில் நெரிசலே இல்லை என்கிறீர்கள்!

என் அத்தை ஒருத்தி. எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அவள் முகம் கிடையாது. ஒரே ஒரு படத்தில் ஓரமாகச் சேலைத் தலைப்பு மட்டும் கலங்கித் தெரியும். போட்டோவுக்குக் கூப்பிட்டால், "நான் நின்னா பந்திக்கு யாரு சாம்பார் ஊத்துறது?" என்பாள். ஆல்பத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. அவள் சமைத்ததைத் தின்றவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள்.

அசையாமல் நின்ற ஏழைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தாது வருஷப் பஞ்சப் படங்களைத் தேடிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி ஹூப்பர் எடுத்தவை. விலா எலும்புகளை எண்ணலாம். அவர்களிடம் யாரும் ஆடாதே என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், படத்தில் கூட்டம் தெரியாததை அமைதி என்று ரசிப்பவர்களுக்கு, அடுத்ததாக நேரில் இருக்கும் கூட்டத்தின் மேல் கோபம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கிறது. யார் வெளியூர்க்காரர்கள்? மகால் கட்டிய திருமலை நாயக்கர் தலைநகரையே திருச்சியிலிருந்து இங்கே கொண்டுவந்தவர். பட்டு நெய்த சௌராஷ்டிரர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். உங்கள் கடைக்குத் தீபாவளிக்குத் துணி எடுக்க வருவது யார்? திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு இப்படிப் பேசாதீர்கள். நல்ல மனிதர் நீங்கள், கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் திட்டுகிறேன்.

சரி, வண்ணம். தவறெல்லாம் இல்லை. ஆனால் புதுமண்டபக் கல்லின் நிறம் செயலிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சமீபத்தில்தான் அங்கிருந்த தையல்கடைகளையும் பாத்திரக்கடைகளையும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள், தூண்களை இப்போது நன்றாகப் பார்க்கலாம். ஒரு நடை போய்விட்டு வந்து நிறத்தைத் திருத்துங்கள். ஜவுளிக்கடைக்கு விளக்குத்தூண் படம் இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம். எதை மாட்டினாலும் கீழே ட்ரைப், 1858 என்று போடுங்கள். வண்ணம் பின்னால் சேர்த்தது என்பதையும் எழுதிவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் நூலகத்தின் பயன்பாட்டு விதியை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.