லோன்சம் டோவ் (1989): நடித்தவர்கள், உழைத்தவர்கள் – கேள்வி பதில்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 1989 பிப்ரவரி 5 முதல் 8 வரை நான்கு இரவுகளில் ஒளிபரப்பிய குறுந்தொடர் ‘லோன்சம் டோவ்’. ஓய்வுபெற்ற டெக்சஸ் ரேஞ்சர்கள் (அம்மாநிலக் காவல் படையினர்) இருவர், கஸ் மெக்ரேயும் கேப்டன் உட்ரோ காலும், 1870களின் பிற்பகுதியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலிருந்து மொன்டானா வரை மாட்டு மந்தையை ஓட்டிப்போகிறார்கள். அதன் நடிகர்கள், கலைஞர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே. கடைசிப் பதிலுக்கு முந்தையதில் கதையின் முடிவு வருகிறது. பார்க்காதவர்கள் அதைத் தாண்டிச் செல்லவும்.

வணக்கம் சார். கௌபாய் கதைகளுக்கு மவுசு போய்விட்ட நேரத்தில் இவ்வளவு பெரிய தொடரை எடுக்க யார் துணிந்தது?

சூசேன் டி பாஸ். மோட்டவுன் இசை நிறுவனத்தில் வளர்ந்து அதன் படத்தயாரிப்புப் பிரிவை நடத்தியவர். தொடருக்கு மூலமான லாரி மெக்மர்ட்ரியின் நாவல் 1986இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதற்கு முன்பே டி பாஸ் 50,000 டாலருக்குப் படமாக்கும் உரிமையை வாங்கிவிட்டார்.

கதையின் வேர் இன்னும் பழையது. 1970களின் தொடக்கத்தில் இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச்சுக்காக மெக்மர்ட்ரி எழுதிய திரைக்கதை அது. ஜான் வெய்ன், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஹென்றி ஃபோண்டா மூவரையும் மனதில் வைத்து எழுதியது. வெய்ன் மறுத்ததும் படம் நின்றது. மெக்மர்ட்ரி அதையே நாவலாக விரித்தார், 1985இல் புத்தகம் வந்தது. நாவலின் உரையாடல்கள் இவ்வளவு எளிதாகத் திரைக்கு வந்ததற்கு அந்தப் பிறப்பும் ஒரு காரணம் என்பேன்.

திரைக்கதை யாருடையது? 800 பக்கத்துக்கு மேல் உள்ள நாவலை எப்படி அடக்கினார்கள்?

பில் விட்லிஃப், டெக்சஸ்காரர். டி பாஸுடன் சேர்ந்து நிர்வாகத் தயாரிப்பாளரும் அவரே. இது முக்கியம். எழுதியவர் தயாரிப்பிலும் இருந்தால், படப்பிடிப்பில் நேரமில்லை என்று ஒரு காட்சியை வெட்ட வரும்போது எதை வெட்டக்கூடாது என்று சொல்ல ஆள் இருக்கும். விளம்பரம் நீங்கலாகச் சுமார் ஆறரை மணி நேரம் கையில் இருந்தது. ‘புறப்பாடு’, ‘பாதையில்’, ‘சமவெளி’, ‘திரும்புதல்’ என்ற பொருளில் நான்கு பாகங்களுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. முதல் பாகம் அவசரப்படவே இல்லை. திண்ணை, பன்றிகள், பெயர்ப்பலகை, கிணறு வெட்டுதல் என்று ஊரிலேயே சுற்றுகிறது. அந்தப் பொறுமையால்தான் பின்னால் விழும் ஒவ்வொரு சாவும் நமக்கு வலிக்கிறது.

விட்லிஃப் படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்கள் தனிப் புத்தகமாக வந்துள்ளன. உடைகள், அரங்கப் பொருட்கள் பலவும் சான் மார்கஸ் நகரில் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலுள்ள சேகரிப்பில் இருக்கின்றன.

அண்ணா, ராபர்ட் டுவாலுக்கு முதலில் கேப்டன் கால் வேடம்தான் வந்ததாமே?

உண்மை. அவருக்கு வந்தது கால் வேடம், அவர் கேட்டு வாங்கியது கஸ் வேடம். கஸ் வேடத்துக்கு முதலில் நினைத்திருந்த ஜேம்ஸ் கார்னர் உடல்நிலை காரணமாக விலகினார். அதே கார்னர் 1995இல் வந்த ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ’வில் வயதான கேப்டன் காலாக நடித்தார்.

இந்த மாற்றம் ஏன் இவ்வளவு பொருந்தியது? ‘காட்ஃபாதர்’ படத்தில் அளந்து பேசும் வக்கீலாக டுவாலைப் பார்த்தவர்களுக்கு, வாய் ஓயாத, சோம்பலான, காதல் பித்துப்பிடித்த கஸ் புதிய மனிதர். மறுபக்கம் டாமி லீ ஜோன்ஸ் டெக்சஸின் சான் சபாவில் பிறந்தவர், குதிரையோடு பழகியவர். காலின் மௌனத்தை அவர் முகத்தைவிட முதுகு நன்றாகச் சொல்லும். சேணத்தில் உட்கார்ந்திருக்கும் விதத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். தான் ஏற்ற வேடங்களிலேயே பிடித்தது கஸ்தான் என்று டுவால் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மற்ற நடிகர்களையும் சொல்லுங்களேன். தெரிந்த முகங்கள் நிறைய வந்து போகின்றன.

வழிகாட்டி டீட்ஸ்: டேனி குளோவர். லொரீனா: டயான் லேன். கிளாரா: ஏஞ்சலிகா ஹூஸ்டன். ஜேக் ஸ்பூன்: ராபர்ட் யூரிக். நியூட்: ரிக்கி ஷ்ரோடர். டிஷ்: டி.பி. ஸ்வீனி. பீ ஐ: டிமதி ஸ்காட். புளூ டக்: ஃபிரெடரிக் ஃபாரஸ்ட். ஷெரிப் ஜூலை ஜான்சனாக வருபவர், பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய கிறிஸ் கூப்பர். அவர் மனைவி எல்மைரா: கிளென் ஹெட்லி. உதவி ஷெரிப் ராஸ்கோ: பாரி கார்பின். எல்மைராவின் பயணத்தில் எதிர்ப்படும் லூக், ஸ்டீவ் புசெமி. பெயர் தெரியாத காலத்து முகம் என்பதால் பலரும் தவறவிடுவார்கள்.

இத்தனை பேரையும் சேர்த்த நடிகர் தேர்வாளர் லின் கிரெசல். அதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார்.

டெக்சஸ் கதைக்கு ஆஸ்திரேலிய இயக்குநர் எதற்கு?

குதிரை தெரிந்தவர் என்பதுதான் நேரடிப் பதில். சைமன் வின்சர் அதற்குமுன் எடுத்தவை ‘ஃபார் லாப்’ (1983, ஒரு பந்தயக் குதிரையின் கதை), ‘தி லைட்ஹார்ஸ்மென்’ (1987, முதல் உலகப்போரில் பீர்ஷெபா குதிரைப்படைத் தாக்குதல்). விலங்குகளை வைத்து எடுக்கும்போது நடிகர் சரியாகச் செய்த டேக்கில் மாடு திரும்பி நிற்கும். மாடு சரியாக நடந்த டேக்கில் புழுதி மறைக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று அங்கேயே முடிவெடுக்கத் தெரிய வேண்டும். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் மில்சம் பிரிட்டனைச் சேர்ந்தவர். ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ அவர் ஒளிப்பதிவுதான்.

மொன்டானாவில் எடுத்தார்களா?

இல்லை. 1988இல் டெக்சஸிலும் நியூ மெக்சிகோவிலும் எடுத்தார்கள். ஊர்க் காட்சிகள் டெல் ரியோ அருகே ரியோ கிராண்டே கரையில். மொன்டானாவாகத் தெரிவது நியூ மெக்சிகோ மலைப்பகுதி.

உடைகள் நிஜமாகவே பழசாகத் தெரிகின்றன. தொப்பிகூட ஆளுக்கு ஒரு மாதிரி. எப்படி?

ஆடை வடிவமைப்பு வான் ப்ராட்டன் ராம்சே, அவருக்கும் எம்மி கிடைத்தது. இந்த மாதிரிப் பயணக் கதையில் பெரிய சிக்கல், காட்சிகளைக் கதை வரிசையில் எடுக்க முடியாது என்பது. அதனால் ஒரே சட்டையைப் பல பிரதிகள் தைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் வெளுத்து, தேய்த்து, கறை ஏற்றி எண் போட்டு வைப்பது வழக்கம். எண் மாறினால் கான்சஸில் கிழிந்த கைமுட்டி மொன்டானாவில் நல்லபடி இருக்கும்.

கஸின் தொப்பியைப் பாருங்கள். உச்சி பின்பக்கம் உயர்ந்து, முன்னால் சரிந்து இறங்கும், முன்பக்கம் இருபுறமும் கிள்ளிய பள்ளம். அமெரிக்கத் தொப்பிக் கடைகளில் இன்றும் அந்த மடிப்பை ‘கஸ்’ என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

கஸ் வைத்திருக்கும் பெரிய துப்பாக்கி என்ன வகை?

1847 மாடல் கோல்ட் வாக்கர். ஆறு ரவை, 9 அங்குலக் குழல், எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். வெடிமருந்தையும் குண்டையும் தனித்தனியாக இட்டு நிரப்ப வேண்டும். சுட்ட அதிர்ச்சியில் குழலுக்கு அடியிலிருக்கும் நெம்புகோல் கழன்று தொங்கி, உருளை சுழலாமல் மாட்டிக்கொள்வது அதன் பெயர்போன குறை. கதை நடக்கும் காலத்தில் அது முப்பது வருடப் பழசு. இளமையில் ரேஞ்சராக இருந்த கிழவர் அதைக் கைவிடவில்லை என்பதே ஒரு குணச்சித்திரம்.

18 எம்மி பரிந்துரை, ஆனால் நடிகர் ஒருவருக்கும் விருது இல்லையா?

இல்லை. கிடைத்த ஏழும் இயக்கம், நடிகர் தேர்வு, உடை, ஒப்பனை, இசை, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை ஆகியவற்றுக்கு. டுவாலும் ஜோன்ஸும் ஒரே பிரிவில் மோதினார்கள், விருது ஜேம்ஸ் வுட்ஸுக்குப் போனது. ஹூஸ்டனும் லேனும் ஒரே பிரிவில் நின்றார்கள், ஹாலி ஹண்டர் வாங்கினார். சிறந்த குறுந்தொடர் ‘வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்’. டுவாலுக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது. கிளென் ஹெட்லிக்காவது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. இசைக்கு வாங்கியவர் பேசில் பொலடூரிஸ்.

டீட்ஸின் கல்லறைப் பலகையும், பிணத்தைச் சுமந்து திரும்பும் பயணமும் நிஜமா?

நிஜத்திலிருந்து வந்தவை. சார்லஸ் குட்நைட், ஆலிவர் லவிங் இருவரும் மாட்டு மந்தை ஓட்டிய கூட்டாளிகள். 1867இல் கொமாஞ்சே பழங்குடியினரின் தாக்குதலில் காயம்பட்ட லவிங், புண் அழுகி நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் இறந்தார். டெக்சஸில் புதைக்கச் சொன்ன அவருக்குக் கொடுத்த வாக்கைக் குட்நைட் காப்பாற்றினார். தொடரில் கஸின் உடலைக் கால் சுமந்து திரும்புவது அதிலிருந்துதான். அவர்களோடு உழைத்த கறுப்பினக் கௌபாய் போஸ் ஐகார்ட் 1929இல் இறந்தபோது, குட்நைட் வைத்த கல்லில் நான்கு வருடச் சேவை, கொமாஞ்சேக்களுடன் மூன்று மோதல் என்று கணக்காகப் பொறித்தார். தொடரில் கேப்டன் கால் கத்தியால் பலகையில் செதுக்குவது முப்பது வருடம், இருபத்தொரு மோதல். பாராட்டு என்று வாய் திறக்காத மனிதர், பலகையில் டீட்ஸின் நடத்தையைப் புகழ்ந்தும் சில சொற்கள் சேர்த்தார். ஐகார்ட், லவிங் இருவரும் டெக்சஸின் வெதர்ஃபோர்டில் ஒரே மயானத்தில் கிடக்கிறார்கள்.

மற்ற பாகங்களை எந்த வரிசையில் பார்ப்பது தோழர்?

முதலில் இதை மட்டும் பாருங்கள். கதைக்கால வரிசை: டெட் மேன்ஸ் வாக் (1996), கொமாஞ்சே மூன் (2008), லோன்சம் டோவ், ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ. வின்சர் திரும்பி வந்து இயக்கியது கொமாஞ்சே மூன். அதில் கஸ் ஸ்டீவ் ஜான், கால் கார்ல் அர்பன். 1993இல் வந்த ‘ரிட்டர்ன் டு லோன்சம் டோவ்’ மெக்மர்ட்ரியின் நாவல் அல்ல, ஜான் வாய்ட் காலாக நடித்தது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: 1989 தொலைக்காட்சியின் சட்டகம் 4:3. உங்கள் பிரதி அகலத்திரையை முழுதாக நிரப்பினால், தொப்பி உச்சியும் குதிரைக் குளம்பும் வெட்டுப்படுகின்றனவா என்று முதல் பத்து நிமிடத்தில் பாருங்கள். வெட்டுப்பட்டால் பழைய 4:3 டிவிடியைத் தேடுங்கள்.