நிலக்கீழ் அறையின் யன்னலைப் பெரிதாக்க வேண்டுமா? அகலத்தைத் தொடாதீர்கள்

கேள்வி: றொறன்ரோவின் ஸ்காபறோவில், 1960களில் கட்டப்பட்ட பங்களா வீட்டில் வசிக்கிறோம். மகளின் படுக்கையறை நிலக்கீழ்த் தளத்தில் இருக்கிறது. அங்கே பக்கச் சுவரின் உச்சியில் 32 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட, பக்கவாட்டில் நகரும் தள்ளு யன்னல் ஒன்று மட்டுமே உண்டு. அனுமதிப்பத்திரம் தேவையில்லை, ஒரே நாளில் வெட்டிப் பெரிதாக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். றொறன்ரோவில் பழைய யன்னலைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியதைப் பொருத்துவதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. சுவரில் உள்ள திறப்பைப் பெரிதாக்குவதென்றால் மாநகரசபையின் கட்டட அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் உங்கள் எண்ணம் மிகச் சரியானது. மேல்வீட்டில் தீப்பிடித்துப் படிக்கட்டைப் புகை மூடினால், உங்கள் மகளுக்கு எஞ்சும் வழி அந்த யன்னல்தான்.

தப்பிச் செல்வதற்கான படுக்கையறை யன்னலில் தடையின்றித் திறக்கும் பகுதி 0.35 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும், அதன் அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் ஒன்ராறியோ கட்டட விதிக்கோவை சொல்கிறது. பலர் இரண்டாவது எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள்: 380 மில்லிமீட்டர் சதுரமான திறப்பு 0.144 சதுர மீட்டர்தான்; அகலம் 380 என்றால் உயரம் ஏறக்குறைய 920 இருக்க வேண்டும். கண்ணாடியை அளக்காதீர்கள், யன்னலை முழுதாகத் திறந்து, உடல் நுழையக்கூடிய வெற்றிடத்தை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். உங்களுடையது தள்ளு யன்னல் என்பதால் பாதிதான் திறக்கும்; அந்தப் பாதி 0.14 சதுர மீட்டருக்கு மேல் தேறாது.

என் ஆலோசனை, அகலத்தை அப்படியே விட்டுக் கீழ்நோக்கி வெட்டுவதாகும். யன்னலுக்கு மேலே உள்ள லின்டல், அதாவது குறுக்குத் தாங்கி, அதற்கு மேலிருக்கும் செங்கல்லையும் தரைச் சட்டங்களையும் தாங்கி நிற்கிறது. அகலத்தைக் கூட்டினால் நீளமான புதிய லின்டலும், வெட்டும்போது தற்காலிக முட்டுகளும், பொறியியலாளரின் கணக்கும் தேவைப்படும், செலவும் ஏறும். கீழ்நோக்கி இறக்கினால் அந்தச் சுமையைத் தொட வேண்டியதில்லை. ஒரு கதவைப் போல வெளிப்பக்கமாகத் திறக்கும் யன்னலைப் பொருத்தி, வெற்றிடம் 60 சென்ரிமீட்டருக்கு 60 கிடைத்தால் 0.36 சதுர மீட்டர் ஆகிவிடும். ஆனாலும் உயரத்தை 80 வரை கொண்டுபோவதே நல்லது. சுவர் சீமெந்துக் கல்லால் ஆனதென்றால், வெட்டிய விளிம்பில் தெரியும் பொள்ளல்களைச் சாந்தால் நிரப்பிய பின்னரே சட்டகத்தைப் பொருத்த வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு உங்கள் சுவருக்கும் காணி எல்லைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து பாருங்கள். அது 1.2 மீட்டருக்குக் குறைவானால், அயல்வீட்டுக்குத் தீ பரவும் என்பதால் அந்தப் பக்கத்தில் திறப்பைப் பெரிதாக்க அனுமதி கிடைப்பது மிகக் கடினம். அப்போது பின்சுவரில் புதிய யன்னல் வைப்பதுதான் வழி.

நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். யன்னல் மண்மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது வெளியே ஒரு குழி, அதாவது விண்டோ வெல், தோண்ட வேண்டிவரும். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பெய்தது; வடிகால் இல்லாத குழிக்கு அப்படியொரு மாலை போதும், கண்ணாடிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி நிற்கும். ஆகவே குழியின் அடியில் சல்லி நிரப்பி, அங்கிருந்து ஒரு குழாயை அத்திவாரத்தைச் சுற்றியுள்ள வீப்பிங் டைல், அதாவது நிலத்தடி வடிகால் குழாய், வரை செங்குத்தாக இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் சல்லியை மட்டும் கொட்டி மூடிவிட்ட குழிகளை நான் பார்த்திருக்கிறேன். இலையும் சேறும் சேர்ந்து இரண்டே வருடங்களில் அடைத்துக்கொண்டன. யன்னலுக்கு முன்னால் குறைந்தது 760 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். குழி ஆழமானால் ஏணிப்படி பொருத்துங்கள். மேலே மூடி போட்டால், அதை உங்கள் மகள் உள்ளிருந்து ஒரு கையால் தள்ளித் திறக்க முடிய வேண்டும்.

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைத்து, எரிவாயு, மின்சாரக் குழாய்கள் போகும் இடங்களைக் குறிக்கச் செய்யுங்கள். அது இலவசம், சட்டப்படி கட்டாயமும் கூட. வேலை முடிந்ததும், கடைசித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பு, மகளையே உள்ளிருந்து யன்னலைத் திறந்து, குழியில் ஏறி, முற்றத்துக்கு வரச் சொல்லுங்கள்.