சின்ன ஊரில் 'உலக உணவு' சாப்பிடப் போவது காசுக்குத் தகுமா?

போகலாம். ஆனால் மெனுவில் இருப்பதையெல்லாம் நம்பி ஆர்டர் செய்யக்கூடாது.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் முன்னறையையே கடையாக்கியிருக்கிறார்கள். ஐந்தே மேசை. வளைகுடாவில் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் அடுப்படியில், அவர் மனைவி கல்லாவில். தாய்லாந்து, லெபனான், இத்தாலி, பிரேசில் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். அதைப் பார்த்தே ஆறு மாசம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் தாய்லாந்துப் பச்சைக் குழம்பு. தேங்காய்ப்பாலில் நெய்மீன் துண்டுகள், எலுமிச்சைப்புல் வாசம். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இது இருமலுக்குப் போடுற சித்தரத்தை மணமில்லா, மக்களே?" என்றார். சரியாகத்தான் பிடித்தார். அந்தக் குழம்பில் அரைத்துப் போடுவது சித்தரத்தையின் பங்காளிக் கிழங்கு. மருந்து என்று சொன்னாரே தவிர, சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அப்புறம் பிரேசில் பக்குவம். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, வேகவைத்து, விரல் தடிமனுக்கு நறுக்கிப் பொரித்தது. வெளியே மொறுமொறுவென்று, பிட்டால் உள்ளே ஆவி பறக்க மாவாக உதிர்ந்தது. தொட்டுக்கொள்ளப் பூண்டுச் சாஸ். விலை 180 ரூபாய். "கிழங்குக்கா?" என்று அம்மா கேட்டது கல்லா வரை கேட்டிருக்கும். மரச்சீனியே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்துத்தான் நம் பக்கம் இப்படிப் பரவியது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ராஜா குடுத்தாலும் 180 ரூவா கூடுதல்தான்."

பாஸ்தா மட்டும் வேண்டவே வேண்டாம். இடியாப்பத்தைப் பாலில் ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி இருந்தது, மேலே கறிமசாலா வேறு. தேங்காய், மீன், கிழங்கு என்று அந்த அடுப்படிக்குக் கைவந்த சாமான் இருக்கும் பதார்த்தமாகப் பார்த்து வாங்கினால் காசு வீணாகாது. உட்கார்ந்ததும் இன்றைக்கு என்ன மீன் என்று கேளுங்கள். நெய்மீன் இல்லையென்றால் கல்லாவில் இருக்கும் அந்த அம்மாவே "குழம்பு இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் போகாதீர்கள். வாசல் படியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.